நாற்பத்திரண்டாவது சந்திப்பு

புந்தோங், ஈப்போ
8.7.1980, செவ்வாய் இரவு

அன்புள்ள பூமணி,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. முதலில் சத்தியம் செய், அப்புறம் மேலே படி. உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். உன் தங்கைகள் கையில் அகப்படவே கூடாது. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தாலும் சரிதான். படித்ததும் கிழித்துப் போடு என்று எழுத வந்தேன், ஆனால் கிழிக்காதே. கடைசியில் ஒரு முகவரி எழுதப் போகிறேன், அது உனக்குத் தேவைப்படும்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். வீட்டில் நானும் அவரும்தான். அவர் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார், குறட்டை கேட்கிறது. நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, போர்வைக்குள் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

"அவர்" என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? போன மாதம் "அப்பா" என்று எழுதினேன்.

நீ பதில் கடிதத்தில் என்னைத் திட்டியிருந்தாய். "பத்து வருஷம் கழித்து உன் அப்பா வந்திருக்கிறார், நீ 'அப்பா வந்துவிட்டார், எல்லாரும் சுகம்' என்று ஒரே வரி எழுதுகிறாய். நம் நோட்டில் எழுதுவது மாதிரி முழுசாக எழுதி அனுப்பு, நான் மார்க் போடுகிறேன்" என்று. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு இரவே எழுத உட்கார்ந்தேன். யார் முதலில் பார்த்தது, யார் முதலில் பேசியது, என்ன அடையாளம் என்று நாம் எப்போதும் கேட்கும் கேள்விகளை வரிசையாகப் போட்டுக்கொண்டேன். எழுத எழுதத்தான் எனக்குப் பயம் பிடித்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். இன்று முழுவதும் எழுதுகிறேன்.

நோட்டு உன்னிடம் இருக்கிறதல்லவா? நீங்கள் குளுவாங்குக்கு மாறிப் போகும்போது பெட்டியில் அடியில் வைத்து எடுத்துப் போனாயே, அது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து உங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் உட்கார்ந்து எத்தனை பத்திரிகைக் கதைகளை வெட்டி ஒட்டினோம். பிரிந்தவர்கள் மறுபடி சந்திக்கும் இடம் மட்டும்தான் நமக்கு வேண்டும். நாற்பத்தொன்று சேர்த்தோம். மழை பெய்தால் நீ ஐந்து மார்க் குறைப்பாய். தோளில் மச்சம் இருந்தால் பத்து. உன் அம்மா எனக்கென்று ஒதுக்கி வைத்த பச்சைக் குவளையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிள்ளையள் என்ன படிக்கினம்?" என்று கேட்பார். நீ "மறுகூடல், அம்மா" என்பாய், பெரிய பண்டிதர் மாதிரி.

அந்த நோட்டில் ஒரு கேள்வி உன்னுடையது. திரும்பி வந்தவர் எதை மறந்திருந்தார்? உன் பெரியப்பா பதினெட்டு வருஷம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது, ஸ்டேஷனில் உன் அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஐயாத்துரை, எப்பிடி இருக்கிறாய்?" என்றாராம். ஐயாத்துரை செத்துப்போன சித்தப்பா. எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டு முழித்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு நீ சொன்னாய்: நிஜமாக வந்தவருக்கு ஏதாவது ஒன்று தப்பிப் போகும். எல்லாம் சரியாக ஞாபகம் இருந்தால், அது வந்தவருடைய ஞாபகம் இல்லை, கதையை எழுதினவருடைய ஞாபகம்.

இப்போது நாற்பத்திரண்டாவதைக் கேள்.

ஜூன் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. மழை இல்லை. அம்மா சப்பாத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்து, வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஒல்லியான ஆள், முன் தலையில் முடி இல்லை, கையில் ஒரு தகரப் பெட்டி, வேலிக்கு வெளியே நின்றார். அவர்தான் முதலில் பார்த்தார். அவர்தான் முதலில் பேசினார். "வீரம்மா" என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். குழாய் பாட்டுக்குத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அப்போது அவர் சொன்னார்: "தைப்பூசக் கூட்டத்துல தொலைஞ்சு போனியே, ஞாபகமிருக்கா? பலூன்காரன்கிட்ட நின்னு அழுதியே. அதுக்கப்பறம் என் துண்டு முனையைப் புடிச்சிக்கிட்டே வந்தியே, லயத்து வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் விடலியே." அவ்வளவுதான், அம்மா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

கதை என்றால் நீ தொண்ணூறு மார்க் போட்டிருப்பாய்.

என்னை அவர் அப்புறம்தான் பார்த்தார். பார்த்தார் என்றால், முகத்தை அல்ல. என் வலது கையை எடுத்து விரல்களைப் பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்து, "பெரிய பொண்ணாயிட்டே" என்றார்.

உனக்கு எங்கள் கதை பாதிதான் தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அர்ச்சுனனுக்குச் சிவப்பு அடையாளக் கார்டு, இந்த நாட்டுக் குடியுரிமை இல்லை. எழுபதில் பெர்மிட் இல்லாதவர்கள் வேலை செய்யக் கூடாது என்று வந்தபோது, பத்து காஜா டவுனுக்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு, ஊருக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். ஆறு மாதத்தில் காகிதம் சரிபண்ணிக்கொண்டு வருகிறேன் என்று போனார். எனக்கு அப்போது ஆறு வயது. சைக்கிளில் அவர் பின்னால் உட்கார்ந்து போனதும், அவர் சட்டையில் கித்தா மரத்து ரப்பர் பால் வாடை அடித்ததும்தான் ஞாபகம். முகம் ஞாபகமில்லை. அப்புறம் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். ஆட்கள் பீடோருக்கும் ஆயர் தாவாருக்கும் சிதறிப் போனார்கள். அம்மா என்னோடு ஈப்போவுக்கு வந்தாள். ஆகவே அப்பாவின் முகத்தைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் ஒருவருமில்லை. கல்யாணப் போட்டோ ஒன்று இருந்தது. கரையான் அரித்துவிட்டது. அப்பாவின் முகத்திலிருந்துதான் ஆரம்பித்திருந்தது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. தோட்டத்தில் இருந்தவரை ஆபீஸ் கிராணி கடிதம் எழுதித் தருவார். எட்டு வயதிலிருந்து நான்தான் எழுதுகிறேன். அந்தப் பக்கம் அப்பாவுக்கு எழுதித் தருபவர் மாயாண்டி என்பவர். அப்பாவுக்குப் பங்காளி முறை, அவர் வீட்டு முகவரிக்குத்தான் நாங்கள் கடிதம் போடுவோம். அப்பாவின் கடிதத்தில் அப்படித்தான் இருக்கும்: "இதை எழுதுவது மாயாண்டி, நல்ல பையன், என் சாடையே இருப்பான்."

இனி நான் உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்று.

அம்மா கடிதம் சொன்னால் மூன்று வரிதான் சொல்லுவாள். நாங்கள் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடவும். பிள்ளை படிக்கிறாள். அதற்குமேல் கேட்டால், "அவ்ளோதான்லா, ஒட்டு" என்பாள். நீல நிறக் கடிதத்தாளில் முக்கால் பக்கம் காலியாக இருக்கும். எனக்கு அது பாவமாக இருந்தது. ஆறாம் வகுப்பில் இருந்தபோது, எழுபத்தாறில், அந்தக் காலி இடத்தில் நானாக ஒன்று எழுதினேன். தைப்பூசத்தில் அம்மா தொலைந்து போனது, பலூன்காரன், அம்மா அழுதது, துண்டின் முனை, எல்லாமே என் கற்பனை. அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. "வீரம்மா, அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தது. பூமணி, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பா என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு, எனக்கு உடந்தையாக இருக்கிறார் என்று நினைத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் ஏதாவது சேர்த்து எழுதுவேன். அங்கிருந்தும் நீளம் நீளமாகப் பதில் வரும், கதை மாதிரி. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் என் எழுத்தையே திருத்திக்கொண்டேன். நீ என் "ழ" அழகாக இருக்கிறது என்பாயே, அது அவருடைய "ழ".

அதனால் வேலிக்கு வெளியே நின்று அவர் அந்தத் தைப்பூசத்தைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்பாவும் நானும் சேர்ந்து வைத்துக்கொண்ட ரகசியம் என்று நினைத்தேன். இரவு படுக்கையில்தான் யோசித்தேன். நடக்காததை அம்மாவிடம் ஏன் அடையாளமாகச் சொல்ல வேண்டும்? நடந்தது எத்தனையோ இருக்குமே? அம்மா ஏன் அதற்கு அழ வேண்டும்?

மறுநாள் அம்மாவிடம் மெல்லக் கேட்டேன், அப்படி நடந்ததா என்று. அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். பத்து வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பூ வைத்துக்கொண்டாள். "நடந்திருக்கும். எனக்குத்தான் மறந்துபோச்சு. அவருக்கு எவ்ளோ ஞாபகம் பாரு" என்றாள். பிறகு வெட்கத்தோடு இன்னொன்றும் சொன்னாள். "உங்கப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டதே இல்ல. 'இந்தா புள்ள'ன்னுதான் சொல்லுவாரு. ஊருக்குப் போயி மாறிட்டாரு." கடிதத்தில் "அன்பு வீரம்மாவுக்கு" என்றுதான் இருக்கும்.

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கூரையில் ஒழுகும் இடத்தை ஏறி அடைத்தார். நான் பள்ளிக்குப் போகும்முன் என் சப்பாத்துக்கு வெள்ளை பூசி வெயிலில் வைத்திருப்பார். பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா, "உங்கப்பா மாதிரி ஒரு ஆளு எனக்கு வந்து சேந்திருந்தா நான் ஏன் இப்படி ஆஸ்பத்திரில தரை கழுவறேன்" என்று கேலி செய்வார். அம்மா சிரிப்பாள். ஆனால் இன்றுவரை அவர் ஹாலில்தான் படுக்கிறார். அம்மா ஏதோ விரதம் என்று சொல்லியிருக்கிறாள். என்ன விரதம் என்று கேட்டதற்கு, "உனக்கெதுக்கு" என்றாள்.

அவர் எதையும் கேட்பதில்லை, பூமணி. அதுதான் என்னை உறுத்தியது. பத்து வருஷம் கழித்து வந்தவர், இன்னார் எங்கே, அந்த மரம் இருக்கிறதா, உனக்கு அம்மை போட்டதே தழும்பு போய்விட்டதா என்று எதுவும் கேட்கவில்லை. எங்களைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. எனக்குக் கணக்கு வராது என்பது, அம்மாவுக்கு இடது முழங்கால் வலி என்பது, உன் பெயர், உன் அப்பா ஸ்கந்தராஜா ஸ்டேஷன் மாஸ்டர் என்பதுகூட. யோசித்துப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்தது எல்லாம் நான் எழுதியது. நான் எழுதாதது ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அவர் தேத்தண்ணிக் குவளையை வாங்கும்போது அவர் நடுவிரலைப் பார்த்தேன். நகத்துக்குப் பக்கத்தில் ஒரு காய்ப்பு. மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்குக் காய்ப்பு உள்ளங்கையில் இருக்கும், கத்தி பிடித்துப் பிடித்து வருவது. அம்மாவின் கையில் இன்னும் இருக்கிறது. அவர் உள்ளங்கை வழவழவென்று இருந்தது. நடுவிரலில் இருந்த காய்ப்பு எனக்கும் இருக்கிறது, அதே விரலில், அதே இடத்தில். உனக்கும் இருக்கும், பார்த்துக்கொள். பேனா அழுத்திப் பிடிக்கிறவர்களுக்கு வருவது.

ஆனால் அவர் எழுதத் தெரியாதவர். அப்பா மாதிரியே. பேப்பரைக்கூட என்னைத்தான் படிக்கச் சொல்வார்.

அதனால் போன வியாழக்கிழமை ஒரு காரியம் செய்தேன். நோட்டில் பதினேழாவதோ பதினெட்டாவதோ, மனைவி கணவனைச் சோதிப்பாளே, அது மாதிரி. உனக்கு எழுதுவது போல ஒரு தாள் எழுதி, பாதியில் விட்டதுபோல ரேடியோவுக்கு அடியில் வைத்தேன். அதில் இப்படி எழுதினேன்: "எங்கள் அப்பாவுக்கு டுரியான் வாடையே ஆகாது என்று அம்மா எப்போதும் சொல்வாள்." சுத்தப் பொய். அம்மா சொல்வது நேர் எதிர். டுரியான் காலத்தில் அப்பா லயத்துக்கு வரவே மாட்டாராம், மரத்தடியிலேயே சாக்கு விரித்துப் படுத்துக் கிடப்பாராம், பழம் விழுகிற சத்தத்துக்கு எழுந்து ஓடுவாராம். இதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை.

சனிக்கிழமை அம்மா சந்தைக்குப் போய் இரண்டு பழம் வாங்கி வந்தாள். "உங்கப்பாவுக்கு இந்த வருசம் மொத பழம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாளாம், செல்லாயி அக்கா சொன்னார். உட்கார்ந்து பிளந்து, நல்ல சுளையாக எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். "எனக்குத்தான் இந்த வாடையே ஆகாதே வீரம்மா, மறந்துட்டியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அம்மா கொஞ்ச நேரம் அந்தச் சுளையைப் பார்த்தாள். பிறகு, "ஆமா, மறந்துட்டேன்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு பழத்தையும் அவளே சாப்பிட்டாள். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அன்றிரவு என் பக்கத்தில் படுத்தபோது, "அம்மா" என்று ஆரம்பித்தேன். "பேசாம படு" என்றாள். அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அம்மா கடிதங்களை எல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறாள். எடுத்துத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினேன். எல்லாம் ஒரே கையெழுத்து, எழுபதிலிருந்து இந்த வருஷம்வரை. ஆனால் முதல் ஐந்து வருஷக் கடிதங்கள் சின்னதாக, முரட்டுத்தனமாக இருக்கும். அம்மா மாதிரியே மூன்று வரி. அதில் ஒரு வரி எப்போதும் மாடு. எங்களிடம் சீனி என்று ஒரு பசு இருந்தது. அப்பா போன மறு வருஷமே அதை விற்றுவிட்டோம், எழுதியும் தெரிவித்தோம். ஆனாலும் ஒவ்வொரு கடிதத்திலும், "சீனிக்குத் தவிடு வைக்கவும்", "சீனி கன்று போட்டதா" என்று இருக்கும். விற்றாயிற்று என்று மறுபடி எழுதுவோம். அடுத்த கடிதத்தில் மறுபடி சீனி. நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

எழுபத்தைந்து அக்டோபர்க் கடிதத்தில் சீனி இல்லை. அதற்கடுத்ததில் இல்லை. அதன்பிறகு ஒன்றிலும் இல்லை. கடிதங்கள் நீண்டு, அழகாகி, ஒரு தப்பும் இல்லாமல் போனது அதற்குப் பிறகுதான். என் துண்டுக் கதை போனதும் அதற்குப் பிறகுதான். நான் அதைக் கவனிக்கவே இல்லை, பூமணி. மாடு போனதை நான் கவனிக்கவே இல்லை.

அன்றிரவு சாப்பிடும்போது, சாதாரணமாகக் கேட்பது போல, "மாயாண்டி எப்படி இருக்காரு?" என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். வந்ததிலிருந்து அவர் யோசித்துப் பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான். "அவன் செத்துட்டாம்மா. அஞ்சு வருசம் ஆகப்போகுது. காய்ச்சல். ரெண்டே நாளு" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது நடிப்பில்லை. அம்மா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கையெழுத்து போன ஏப்ரல்வரை வந்திருக்கிறது. மாயாண்டியின் கையெழுத்து. அப்படியென்றால் ஐந்து வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போனது மாயாண்டி இல்லை. அதற்குமேல் நான் எழுத மாட்டேன். அந்த வார்த்தையை என் கையால் எழுத மாட்டேன். நான் எழுதுவதெல்லாம் நடந்துவிடுகிறது.

இவ்வளவு நாளாக அம்மாவும் அப்பாவும் கடிதம் எழுதிக்கொள்ளவில்லை. அவரும் நானும்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் கூப்பிட்டதால்தான் வந்திருக்கிறார்.

நேற்று ரேடியோவுக்கு அடியில் இருந்த தாளை எடுக்கப் போனேன். நான் நீளவாக்கில் மடித்து வைத்திருந்தேன். அது குறுக்கே மடித்து, ஓரம் நகத்தால் அழுத்தித் தேய்த்து வைத்திருந்தது. இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, "கடுதாசி ஏதும் இருந்தா குடும்மா, ஈப்போ டவுனுக்குத்தான் போறேன், போட்டுடறேன்" என்றார். இல்லை என்றேன். "எழுதுவே. எழுதாம உன்னால இருக்க முடியாது" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அம்மா லீவு போட்டிருக்கிறாள். அவருடைய விசிட் பாஸ் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரும் இவருடைய முகமும் இருக்கிறது. ஈப்போவில் ஒரு வக்கீல் முன்னால், இவர்தான் என் கணவர் அர்ச்சுனன் என்று அம்மா பெருவிரல் வைத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தை இமிகிரேசனில் கொடுத்தால் அவர் இங்கேயே இருக்கலாம். அம்மா விரல் வைத்துவிட்டால், பூமணி, எங்கள் அப்பா புந்தோங்கில் இருக்கிறார் என்று ஆகிவிடும். அங்கே ஊரில் ஒருவர் இருந்தால் அவர் யாரோ ஆகிவிடுவார். இல்லாமல் போயிருந்தால், அவருக்காக இங்கே ஒருநாள்கூட யாரும் அழ முடியாது.

அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சில நேரம் எல்லாம் தெரிந்தவள் மாதிரி இருக்கிறாள். சில நேரம், தனக்கு மறதி வந்துவிட்டது என்று நிஜமாகவே நம்புகிறாள். மூன்று நாளாகப் பக்கத்து வீட்டில், "எனக்கு இப்பல்லாம் ஒண்ணுமே ஞாபகத்துல நிக்கமாட்டேங்குது அக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் எதையும் மறக்கவில்லை. நடக்காததை நான்தான் எழுதினேன்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை பள்ளிக்குப் போகாமல், தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும் இடத்தில் அம்மாவுக்காக நிற்கப் போகிறேன். வீட்டுக்கு வருவதற்குள், ரோட்டிலேயே, தைப்பூசம் என் பொய் என்று சொல்லிவிடப் போகிறேன். அடிப்பாள். இனி என்னை நம்பி ஒரு கடிதம்கூடச் சொல்லமாட்டாள். பரவாயில்லை. தெரிந்துகொண்டு விரல் வைக்கிறாளா இல்லையா என்பது அவள் இஷ்டம். தெரியாமல் வைக்கக் கூடாது.

நீ செய்ய வேண்டியது இதுதான். யாருக்கும் காட்டாதே என்று ஆரம்பித்தேன், இப்போது உன் அப்பாவிடம் மட்டும் சொல்லும்படி கேட்கிறேன். துண்டுக் கதையை விட்டுவிட்டுச் சொல், என்னைப் பற்றித் தப்பாக நினைப்பார். அவர் ஆபீஸ் காகிதத்தில், இங்கிலீஷில் எழுதினால் அங்கே கட்டாயம் பதில் போடுவார்கள். மாயாண்டியின் முகவரிக்கு வேண்டாம். இதற்கு எழுதச் சொல்: தலைமையாசிரியர், ஆரம்பப் பள்ளி, கருவேலம்பட்டி, முசிறி தாலுகா, திருச்சி ஜில்லா. மலாயாவிலிருந்து எழுபதில் வந்த அர்ச்சுனன் எங்கே இருக்கிறார் என்று கேட்கட்டும். இல்லை என்று பதில் வந்தால், எந்த மாதம், என்ன தேதி என்று கேட்கட்டும். அம்மாவுக்கு அந்தத் தேதி வேண்டும். இருக்கிறார் என்று வந்தால், அவரை ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொல். எங்களைப் பற்றி நான் இதுவரை எழுதாத ஏதாவது ஒன்று. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்தக் கடிதத்தை அவர் கையில் சிக்காமல் செல்லாயி அக்காவிடம் கொடுக்கப் போகிறேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போட்டுவிடுவார். அக்கா வீட்டுக் கொல்லை என் ஜன்னலுக்கு நேர் கீழே

கதவைத் தட்டுகிறார்.

மெதுவாகத்தான் தட்டுகிறார். குறட்டை எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. "ராக்காயி, தூங்கலியா? பூமணிக்கா எழுதற? கடைசில கொஞ்சம் எடம் விடும்மா, நானும் ரெண்டு வரி எழுதறேன்" என்கிறார். எழுதறேன் என்று அவர் வாயாலேயே சொல்கிறார், பூமணி.

ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறேன். உறைமேல் உன் விலாசம் எழுதியாகிவிட்டது, தபால்தலை அக்கா ஒட்டிக்கொள்வார். அம்மா வர இன்னும்